எழும்பூருக்கு முன் அமராவதி: வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சமூக அறிவியல் நடத்துகிற உங்களுக்குத்தான் இந்த மடல். பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி, வண்டி பேசி, தலை எண்ணி ஏற்றி, பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிவருவதற்குள் நீங்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பாட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் உள்ளே வந்தபின் வரிசை நகரும் வேகத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. திமிங்கில எலும்புக்கூட்டின் அடியில் வரிசை நிற்கிறது. செப்புத்திருமேனிகளின் கூடத்தில் நடராசர் முன்னால் நிற்கிறது. அமராவதிக் கற்கள் இருக்கும் அறையில் மட்டும் நிற்பதில்லை. "இதெல்லாம் புத்தர் சிற்பம், ஆந்திராவிலிருந்து வந்தது" என்ற ஒரு வாக்கியத்தோடு பிள்ளைகள் அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தில் பிழை ஏதுமில்லை. ஆனாலும், உலகத்தில் மூன்று நான்கு இடங்களில் மட்டுமே இந்த அளவுக்குப் பார்க்கக் கிடைக்கும் கற்கள் அவை. நம் ஊரில் மின்சார ரயிலில் போய் இறங்கிப் பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றின் முன்னால் நின்று சொல்ல நமக்கு ஒரு வாக்கியம்தான் இருக்கிறது என்றால், கற்கள் எங்கே நின்றன என்பதை நாம் பார்க்காததே காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பிள்ளைகளை எழும்பூருக்குக் கூட்டிப்போகும் முன், நீங்கள் மட்டும், பிள்ளைகள் இல்லாமல், அமராவதிக்குப் போய் வாருங்கள். அங்கே, அந்தக் கற்கள் நின்ற பௌத்த ஸ்தூபியின் இடிபாட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை நடத்துவது. அரை நாள் போதும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்த்தவுடன் வியக்கவைக்கும் இடமல்ல அது. அமராவதி என்றதும் இப்போது எல்லோருக்கும் ஆந்திரத்தின் புதிய தலைநகர்தான் நினைவுக்கு வரும். 2015இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்தத் தலைநகரம் பெயரை இரவல் வாங்கியது கிருஷ்ணை ஆற்றின் தென்கரையில் இருக்கும் இந்தப் பழைய சிற்றூரிடமிருந்து. ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அமரலிங்கேசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள். ஆந்திரத்தின் ஐந்து ஆராமத் தலங்களில் ஒன்று. ஆற்றில் முழுகி, உயரமான லிங்கத்தைத் தரிசித்து, பிரசாதம் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறிவிடுகிறார்கள். ஸ்தூபியின் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு. திரும்பினாலும் கண்ணில் படுவது வேலி போட்ட ஒரு புல்வெளி, நடுவில் செங்கல் கட்டிய தாழ்வான வட்ட மேடு, ஓரத்தில் முழங்காலளவோ ஆளுயரமோ நிற்கும் சில கல்தூண்கள். அவ்வளவுதான். சாஞ்சியை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துபோவார்.

ஏமாற்றத்தோடேயே அருங்காட்சியகத்துக்குள் போங்கள். சில அறைகளும் ஒரு முற்றமும் கொண்ட கட்டடம். முற்றத்தில் ஸ்தூபியின் மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். கல்வேலியின் ஒரு பகுதியைத் திரும்பப் பொருத்தி நிறுத்தியும் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் மாதிரியைப் படம் எடுப்பார்கள். நீங்கள் கல்வேலியின் பக்கம் போங்கள். தூணின் பக்கவாட்டில் கண் வடிவத்தில் குழி வெட்டியிருக்கும். குறுக்குக்கல்லின் முனையும் அதே கண் வடிவத்தில் சீவப்பட்டிருக்கும். ஒன்றினுள் ஒன்று செருகி நிற்கும் இந்த வேலை தச்சனுடையது. மரத்தில் வேலி கட்டிப் பழகிய கைகள் அதே பொருத்தலைக் கல்லில் செய்திருக்கின்றன. தூண்கள், அவற்றுக்கிடையே மும்மூன்று குறுக்குக்கற்கள், மேலே நீளமான தலைக்கல் என்று ஒரே முறையில் சுற்றிவந்த வேலி இது. எழும்பூரில் இதே கற்கள் தனித்தனியாக, படம் மாட்டியதைப் போல இருப்பதால், இவை ஒன்றோடொன்று செருகிய உறுப்புகள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவே வழியில்லை. நமக்கும்தான்.

பிறகு வெளியே வந்து மேட்டைச் சுற்றி நடங்கள். ஸ்தூபியின் குறுக்களவு சுமார் 50 மீட்டர். சுற்றியிருந்த கல்வேலியின் வட்டம் இன்னும் அகலம், ஏறத்தாழ 59 மீட்டர். இரண்டுக்கும் இடையில் ஒரு பாதை. பக்தர்கள் வலம் வந்த பாதை அது. வலம் வரும்போது ஸ்தூபி உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும், கல்வேலி இடக்கைப் பக்கம். வேலியின் வெளிப்புறம் பெரும்பாலும் முழுத்தாமரைகள்; தெருவில் போகிறவர் பார்ப்பதற்கு. கதைச் சிற்பங்கள் உட்புறத்தில் இருந்தன. அதாவது உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, நடப்பவருக்காகச் செதுக்கியவை.

இதை நடந்து பார்த்தபின் எழும்பூரின் நளகிரி யானைச் சிற்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையிலேயே புகழ்பெற்றது அந்த வட்டப் பதக்கம்தான். ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு முறை வருகிறது. இடப்பக்கம் மதம் பிடித்து ஆளைத் தூக்கி வீசுகிறது, தெருவில் சனம் சிதறி ஓடுகிறது, மாடத்துச் சன்னல்களில் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். வலப்பக்கம் அதே யானை புத்தரின் காலடியில் மண்டியிட்டிருக்கிறது. வலம் வருகிறவர் இடப்பக்கம் திரும்பி வேலியைப் பார்த்தால், அவருடைய நடை இடமிருந்து வலமாகப் போகும். முதலில் மதயானையும் பிறகு மண்டியிட்ட யானையும் அவர் கண்ணில் படும். கதை நடப்பவரோடு சேர்ந்து நகர்கிறது. அமராவதிச் சிற்பமெல்லாம் இப்படி ஒழுங்காக ஓடுவதில்லை. சிலவற்றில் கதை நடுவில் தொடங்கி மூலைக்குத் தாவும். ஆனால் பார்வையாளர் அசையாமல் நிற்பவர் அல்ல, நடப்பவர் என்பதை அந்த வட்டப் பாதையில் கால் வைத்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எழும்பூரில் பிள்ளைகளை அந்தப் பதக்கத்தின் முன்னால் இடமிருந்து வலமாக நடக்கவிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இடிந்துபோன ஸ்தூபி எப்படி இருந்தது என்பது நமக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், கேட்க வேண்டும். விடை அந்தக் கற்களிலேயே இருக்கிறது. ஸ்தூபியின் அடிப்பகுதியைப் போர்த்தியிருந்த பலகைகள் பலவற்றில் ஸ்தூபியையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். வேலி, வாசலில் அமர்ந்த சிங்கங்கள், நாற்புறமும் நீட்டிய மேடைகள், மேடைக்கு ஐந்தாக நிற்கும் ஆயகத் தூண்கள், மாலை சூட்டிய அண்டம், உச்சியில் குடை. கட்டடத்தின் மேலேயே கட்டடத்தின் படம். அருங்காட்சியகத்தில் இருக்கும் மாதிரியும், புத்தகங்களில் வரும் வரைபடங்களும் அந்தப் பலகைகளையும் தோண்டிக் கிடைத்த அடித்தளத்தையும் ஒப்பிட்டுச் செய்தவை. சான்றிலிருந்து முடிவுக்கு வருவது எப்படி என்று வகுப்பில் நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். கி.மு. மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் தொடங்கிய இடம். சாதவாகனர் காலத்தில், கி.பி. முதல் இரண்டு மூன்று நூற்றாண்டுகளில், இந்தப் புகழ்பெற்ற கல்வேலியும் பலகைகளும் எழுந்தன. பக்கத்து ஊரான தரணிக்கோட்டைதான் அன்றைய தான்யகடகம். சாதவாகனரின் புலுமாவி பெயர் பொறித்த கல்வெட்டு இங்கே கிடைத்திருக்கிறது. கல் உள்ளூர்க் கல்தான். பளிங்கு என்று பழைய ஆங்கிலேயர்கள் எழுதிவைத்தாலும் அது பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். லேசாகப் பச்சை கலந்த வெள்ளை.

இனிமேல் நான் சொல்லப்போவதைத்தான் நீங்கள் பிள்ளைகளிடம் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. பாடப்புத்தகம் பழக்கியதால், பெரிய கட்டடம் என்றதும் "கட்டியவர் யார்?" என்று அரசர் பெயரைக் கேட்கிறோம். அமராவதியில் அந்தக் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. அருங்காட்சியகத்தில் கல்வெட்டுள்ள கற்களின் அருகே போங்கள். தூணில், தலைக்கல்லின் விளிம்பில், தாமரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் வரிகள் ஓடும். பிராகிருத மொழி, பிராமி எழுத்து. பெரும்பாலும் ஒரே செய்தி: இன்னார், இன்னாருடைய மகனோ மகளோ, தம் குடும்பத்தாரோடு சேர்ந்து இந்தக் கல்லைக் கொடுத்தார். கொடுத்தவர்களில் வணிகர் உண்டு, இல்லத்தரசிகள் உண்டு, வாசனைப் பொருள் விற்றவர் உண்டு. பிக்குகள் உண்டு. பிக்குணிகள் நிறையவே உண்டு. எல்லாவற்றையும் துறந்தவர்கள் கல் கொடுக்கக் காசு வைத்திருந்தார்களா என்று ஒரு பிள்ளை கேட்டால் மகிழ்ச்சியடையுங்கள். ஆய்வாளர்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கல் கொடுத்தவர்களில் விதிகன் என்பவரை நான் மறப்பதில்லை. தோல் வேலை செய்தவர். கல்வெட்டு அவரை அந்தத் தொழிற்பெயரோடேயே குறிக்கிறது. ஆசிரியர் நாகரின் மகன் என்றும் சொல்கிறது. தோல் தொழிலாளியின் தந்தை ஆசிரியர்! தாய், மனைவி, உடன்பிறந்தார், மக்கள் எல்லோரோடும் சேர்ந்து அவர் கொடுத்தது பூர்ணகும்பம் செதுக்கிய ஒரு பலகை. வாய் நிறையத் தாமரைகள் பொங்கி வழியும் குடம். ஆந்திரப் பிரதேச அரசின் இலச்சினையில் இருப்பது அமராவதிக் கலையின் அந்தப் பூர்ணகும்பம்தான். விதிகன் கொடுத்த அதே பலகையிலிருந்து எடுத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் அரசு தன் முத்திரையாக வைத்துக்கொண்டிருக்கும் வடிவத்தை, ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தோல் தொழிலாளி தன் வீட்டுக் காசில் செய்வித்துக் கொடுத்து, தன் தொழிலையும் மறைக்காமல் எழுதிவைத்தார் என்பது கல்லில் இருக்கும் செய்தி. சாதியைப் பற்றி உங்கள் வகுப்பில் பேச்சு எழும்போது இந்த ஒரு கல்வெட்டு உங்களுக்குக் கைகொடுக்கும்.

நம் ஊர்க்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். தமிழன் என்ற அடைமொழியோடு கண்ஹன் என்பவரும், அவர் தம்பி சிறிய கண்ஹனும், தங்கை நாகையும் சேர்ந்து மகாசேத்தியத்துக்கு, அதாவது இந்த ஸ்தூபிக்கு, ஒரு கல் கொடுத்ததாக ஒரு கல்வெட்டு சொல்கிறது. எந்த ஊர், என்ன தொழில் என்று எழுதவில்லை. அண்ணன், தம்பி, தங்கை மூன்று பேர் என்பது மட்டும் இருக்கிறது. இதை வைத்துப் பெருமை பேசத் தொடங்கிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கல் கொடுத்த நூற்றுக்கணக்கானவர்களில் இவர்களும் ஒரு குடும்பம், அவ்வளவே. ஆனால் தமிழி எழுத்தை வகுப்பில் கற்றுக்கொடுக்கிறீர்கள் அல்லவா? அதே குடும்பத்து எழுத்துதான் இந்தக் கற்களிலும் இருக்கிறது. க, த, ந, ம தெரிந்த பிள்ளை எழும்பூர்க் கல்லில் அவற்றைத் தேடிப் பிடிக்கலாம். பொருள் புரியாவிட்டாலும் போகட்டும்.

அடுத்தது, கற்கள் அங்கிருந்து எப்படிப் போயின என்ற கதை. இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் புல்வெளி ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்பது புரியாது.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த மேட்டுக்கு உள்ளூரில் தீபால தின்னெ, அதாவது விளக்கு மேடு, என்று பெயர். வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு என்ற சமீன்தார் தம் இருப்பிடத்தை அமராவதிக்கு மாற்றிப் புது ஊர் எழுப்பியபோது, மேட்டிலிருந்து செங்கல்லும் கல்லும் எடுக்கப்பட்டன. 1798 வாக்கில் கர்னல் காலின் மெக்கன்சி அங்கே வந்தார். அப்போது கொஞ்ச நேரம்தான் பார்த்தார். 1816இல் உதவியாளர்களோடும் ஓவியர்களோடும் திரும்பி வந்தபோது, மேட்டின் நடுவில் குளம் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். சுற்றிலும் எஞ்சியிருந்த கற்களை அவருடைய ஆட்கள் ஒவ்வொன்றாக வரைந்தார்கள். அந்த வரைபடங்கள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் கற்கள் சில இன்று எங்குமே இல்லை. சுண்ணாம்புக்கல் என்று சொன்னேனே. காளவாயில் வைத்துச் சுட்டால் சுண்ணாம்பு. வீட்டுச் சுவருக்குப் பூச்சு.

மெக்கன்சியின் பெயர் தமிழ்நாட்டில் ஓலைச்சுவடிகளோடு சேர்த்துத்தான் பேசப்படும். அவருக்காக ஊர் ஊராகப் போய்த் தகவல் திரட்டிய காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா சகோதரர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் இல்லாமல் அந்தத் திரட்டு இல்லை.

அதன்பின் நடந்தது பங்கு பிரிப்பு. சில கற்கள் கல்கத்தாவுக்கு. சில மசூலிப்பட்டினத்துக்கு, அங்கே ராபர்ட்சன் என்ற அதிகாரி தாம் அமைத்த சந்தைச் சதுக்கத்தை அலங்கரிக்க அவற்றை நட்டுவைத்தார். 1845இல் வால்டர் எலியட் தோண்டி, பெருந்தொகையான கற்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். வந்தவை ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் கிடந்தன. 1859இல் நூற்றுக்கும் மேற்பட்ட கற்கள் லண்டனுக்குக் கப்பலேறின. அங்கேயும் இதே கதைதான். 1867இல் கட்டடக்கலை அறிஞர் ஜேம்ஸ் பெர்குசன் அவற்றை ஒரு வண்டிக் கொட்டகையில் கண்டெடுக்கும்வரை கேட்பாரில்லை. 1880இல் அவை பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று கண்ணாடிக்குப் பின்னால், காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தி, மிக நன்றாக வைத்திருக்கிறார்கள். அதை மறுப்பதற்கில்லை.

அதே 1880இல் நம் பக்கம் நடந்ததுதான் கொடுமை. சென்னை மாகாண கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகன் அமராவதிக்கு வந்து, மிச்சத்தையும் முழுக்கத் தோண்டி எடுக்கச் சொன்னார். எந்தக் கல் எந்த இடத்தில் கிடந்தது என்ற பதிவில்லாமல் வட்டம் முழுக்கச் சுரண்டப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த தொல்லியலாளர் ஜேம்ஸ் பர்ஜெசுக்குக் கிடைத்தது ஒரு பெரிய பள்ளமும் அதன் ஓரத்தில் கிடந்த கற்களும்தான். மேட்டில் இன்று நீங்கள் பார்க்கும் வெறுமைக்கு முக்கியக் காரணம் அந்த ஒரு உத்தரவு.

பர்ஜெஸ் மீதிக் கற்களைச் சென்னைக்கு அனுப்ப விரும்பினார். அப்போது பழஞ்சின்னங்களின் காப்பாளராக இருந்த ஹென்றி கோல் அதை எதிர்த்தார். கற்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், வேண்டுமென்றால் அச்சு எடுத்துப் பிரதிகளை வெளியூருக்கு அனுப்பலாம் என்பது அவர் கட்சி. வெறும் வாய்ச்சொல் அல்ல. சாஞ்சியின் கிழக்கு வாசலை அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே அச்செடுத்து லண்டனுக்குப் பிரதி அனுப்பியவர் அவர். விழுந்துகிடந்த சாஞ்சி வாசல்களை 1880களின் தொடக்கத்தில் திரும்ப நிறுத்தியதிலும் அவர் பங்கு உண்டு. சாஞ்சி இன்றும் நிற்கிறது. அமராவதியில் பர்ஜெஸ் கட்சி வென்றது. கற்கள் எழும்பூருக்கு வந்தன. வந்தவற்றைச் சுவரோடு சிமென்ட் வைத்துப் பதித்தார்கள். பர்ஜெசுக்கே அது பிடிக்கவில்லை. பின்னால் வந்த காப்பாளர்களுக்கு அந்தச் சிமென்ட்டால் வந்த தலைவலி பெரியது.

இதில் என் தீர்ப்பைக் கேட்டால், கோல் சொன்னதே சரி. காளவாய்க்குப் போகாமல் தடுக்கத்தான் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள் என்ற வாதம் எலியட் காலத்துக்குப் பொருந்தலாம். 1881இல் பொருந்தாது. அதற்குள் அரசிடம் துறை இருந்தது, அதிகாரி இருந்தார், காவலுக்கு ஆள் போட்டு ஒரு கூரை வேய முடியாத வறுமை அந்த அரசுக்கு இல்லை. இன்று அமராவதியில் இருக்கும் அந்தச் சிறிய அருங்காட்சியகத்தை அன்றே கட்டியிருக்கலாம். கட்டியிருந்தால் அது சிறியதாக இருந்திருக்காது. எழும்பூர்க் கற்களை நான் ரசிக்கிறேன், அவை நம் ஊரில் இருப்பதில் எனக்கு இன்பமும் உண்டு. ஆனால் அவை இன்னொரு ஊரின் வெறுமையிலிருந்து வந்தவை என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சிலைகளை வெளிநாட்டிலிருந்து மீட்டோம் என்று செய்தி வரும்போது கைதட்டுகிற பிள்ளைகள், தங்கள் ஊர் அருங்காட்சியகமும் ஒருவரிடமிருந்து எடுத்துவந்ததை வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும். திருப்பிக் கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்று வகுப்பில் இரண்டு அணி பிரித்து வாதாட விடுங்கள். என்ன முடிவுக்கு வந்தாலும் சரி.

பர்ஜெசுக்குப் பிறகு அங்கே தோண்டியவர் அலெக்சாண்டர் ரீ. இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை தோண்டியவரும் அவரேதான். தாமிரபரணிக் கரையின் தாழிகளும் இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருள்களும் எழும்பூருக்கு வந்தது அவர் வழியாக. அதற்கும் முன்பே, 1876இல், ஜாகோர் என்ற செர்மானியர் ஆதிச்சநல்லூரில் தோண்டி ஒரு பங்கை பெர்லினுக்குக் கொண்டுபோயிருந்தார். ஆக, அமராவதியும் ஆதிச்சநல்லூரும் ஒரே மாதிரி பறிகொடுத்த ஊர்கள். 2023இல் ஆதிச்சநல்லூரில் குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்தார்கள். அதே ஆண்டில் கீழடியிலும் அருங்காட்சியகம் திறந்தார்கள். கோலின் கட்சி நூற்று நாற்பது ஆண்டு கழித்து வென்றிருக்கிறது. கீழடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற ஆசிரியர்களுக்கு, இடத்திலேயே வைப்பது என்றால் என்ன என்று விளங்கவைக்க அமராவதியின் கதை உதவும். வைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

பௌத்தம் அழிந்ததும் அமராவதியும் அழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கோயிலுக்கு வருகிற பக்தர் கூட்டத்தையும் ஆளில்லாத மேட்டையும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அமரலிங்கேசுவரர் கோயில் தூணில் 1182ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோட்டை குலத்து இரண்டாம் கேத்தன் என்ற சிற்றரசர் புத்தருக்கு நிலமும் அணையா விளக்குகளும் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. சிவன் கோயில் தூணில் புத்தருக்கு விளக்கு! இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் கடலாதெனியவில் இருக்கும் 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டு, தர்மகீர்த்தி என்ற சிங்களத் தேரர் தான்யகடகத்தில் ஒரு படிம இல்லத்தைப் புதுப்பித்ததாகச் சொல்கிறது. அதாவது 14ஆம் நூற்றாண்டில்கூட கடல் கடந்து வந்து ஒருவர் அங்கே திருப்பணி செய்திருக்கிறார். ஸ்தூபி ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் உயிரோடு இருந்தது. அதைச் சிதைத்தது அதற்குப் பின் வந்த மறதியும், அதற்கும் பின் வந்த ஆர்வமும். கோயிலுக்கும் போங்கள். அந்தத் தூணைக் கேட்டுப் பாருங்கள்.

இனி போகிற வழி. சென்னை சென்ட்ரலிலிருந்து விஜயவாடா ஓர் இரவுப் பயணம். அங்கிருந்தோ குண்டூரிலிருந்தோ சாலை வழியில் முப்பது நாற்பது கிலோமீட்டர்; பேருந்துகள் இருக்கின்றன. மார்கழி, தை மாதங்கள் நல்லது. சித்திரை வெயிலில் குண்டூர்ப் பக்கம் யாரையும் நான் போகச் சொல்லமாட்டேன். அங்கே விளக்கப் பலகைகளில் தமிழை எதிர்பார்க்க வேண்டாம். வரலாறு படித்த உங்களுக்கு அது தடையாக இருக்காது. முதலில் அருங்காட்சியகம், பிறகு மேடு, மறுபடியும் ஒருமுறை அருங்காட்சியகம் என்ற வரிசையில் பாருங்கள். இரண்டாம் முறை உள்ளே நுழையும்போது ஒவ்வொரு கல்லையும் பார்த்து "நீ எந்தப் பக்கம் நின்றாய்?" என்று கேட்கத் தோன்றும். விடை பல கற்களுக்குக் கிடைக்காது. பதிவு செய்யாமல் பெயர்த்ததன் விலை அது. வெளியே வந்து, கரையிலிருந்து ஆற்றையும் பாருங்கள். தான்யகடகத்தின் வணிகமெல்லாம் அந்தத் தண்ணீரின் வழியாகத்தான் கடலுக்குப் போனது.

வாசிக்க வேண்டுமென்றால் சி. சிவராமமூர்த்தி 1942இல் எழும்பூர் அமராவதிச் சிற்பங்களைப் பற்றி எழுதிய நூல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது, கனமானது. ஆனாலும் நகை, உடை, தலைப்பாகை, இசைக்கருவி, இருக்கை என்று அன்றாட வாழ்வின் ஒவ்வொரு பொருளையும் கல்லிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டியிருப்பார். பள்ளி நூலகத்துக்கு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளை அமராவதிக்கு ஏற்றிச் செல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது எல்லாப் பள்ளிக்கும் முடியாது, முடிகிற பள்ளிக்கும் அவசியமில்லை. நீங்கள் போய் வந்தால் போதும். அதன்பின் எழும்பூரின் அந்த அறையில் உங்கள் வரிசை அரை மணி நேரம் நிற்கும். பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஆளுக்கொரு கல்லைக் கொடுத்து, "இது வேலியா, பலகையா? வெளியே பார்த்ததா, உள்ளே பார்த்ததா? எழுத்து இருக்கிறதா?" என்று தேடச் சொல்லுங்கள். தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்; சுண்ணாம்புக்கல்லுக்குக் கை வியர்வை ஆகாது.

நாள் குறிக்கும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அமராவதி அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எழும்பூருக்கும் வெள்ளிக்கிழமைதான்.

அன்புடன்,
உங்கள் வரிசைக்குப் பின்னால் அந்த அறையில் நின்றுகொண்டிருக்கும் ஒரு பார்வையாளர்